மாதிரி ரயில் தண்டவாளத்தைத் துடைக்க எந்தக் கரைப்பான் நல்லது?

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தும் இரண்டே வாரத்தில் என்ஜின் மறுபடியும் திக்கித் திக்கி ஓடுகிறது, உப்புத்தாளால் தேய்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உப்புத்தாளை மட்டும் தொடாதீர்கள். தொடக்க காலத்தில் நானும் அப்படித்தான் தேய்த்தேன். அன்று மாலை பளபளத்த தண்டவாளம் ஒரு மாதத்திற்குள் முன்பைவிடக் கறுத்துப் போனது. தாள் விட்டுச் சென்ற நுண்ணிய கீறல்களில் அழுக்கு போய்த் தங்கிக்கொள்கிறது. அதன்பின் எந்தத் துணியும் அதை முழுதாக எடுப்பதில்லை. உரசி எடுக்கும் ரப்பர் கட்டியும் ஓரளவு இதே வேலையைச் செய்வதால், நெடுநாள் ஓடாமல் கிடந்த பாதைக்கு மட்டும் அதை வைத்திருக்கிறேன்.

அந்தக் கறுப்புப் படிவம் வெறும் தூசி அன்று. என்ஜினுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் போகிறது; சக்கரமும் தண்டவாளமும் தொட்டு விலகும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத சிறு பொறிகள் எழுகின்றன. அவற்றால் உண்டாகும் உலோக ஆக்சைடும், என்ஜினிலிருந்து கசியும் எண்ணெயும், பிளாஸ்டிக் சக்கரங்களின் தேய்மானமும் சேர்ந்துதான் அந்தப் பிசுக்கு ஆகின்றன. தண்டவாளம் பித்தளையாக இருந்தால் தொல்லை கூடுதல், ஏனெனில் அதன் ஆக்சைடு மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும். இன்று பரவலாக இருக்கும் நிக்கல் சில்வரில் (பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமுமே) இந்தத் தடை குறைவு.

கரைப்பான்களைப் பொறுத்தவரை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் அசிட்டோனும் முனைவுள்ளவை, அதாவது மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேர் மின்னேற்றமும் மறுபக்கம் சற்று எதிர் மின்னேற்றமும் கொண்டவை. அவற்றின் மின்காப்பு மாறிலி (முனைவு எவ்வளவு என்பதைக் காட்டும் எண்) 20-ஐ ஒட்டியது. மினரல் ஸ்பிரிட் (பெயின்ட்டில் கலக்கும் பெட்ரோலியத் தின்னர்), மண்ணெண்ணெய் போன்ற முனைவற்றவற்றுக்கு அது ஏறத்தாழ 2 தான். முனைவுள்ளவற்றின் எச்சம் பொறிகளைத் தூண்டுகிறது என்று இத்துறை ஆர்வலர்கள் பலர் வாதிடுகிறார்கள். சட்டென்று ஆவியாகிவிடும் ஆல்கஹால் எவ்வளவு எச்சத்தை விட்டுவிடும் என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆயினும் மினரல் ஸ்பிரிட்டுக்கு மாறிய பிறகு என் பாதையில் துடைக்கும் வேலை குறைந்தது உண்மை. ஆகவே, பிசுக்கு தடித்திருந்தால் முதலில் ஆல்கஹாலால் எடுத்துவிட்டு, காய்ந்தபின் மினரல் ஸ்பிரிட் தோய்த்த, நூல் பிரியாத துணியால் ஒருமுறை துடைத்து முடிப்பதே என் வழக்கம். அசிட்டோன் வேண்டவே வேண்டாம்; பல வகைப் பிளாஸ்டிக்கையும் வண்ணப்பூச்சையும் அது கரைத்துவிடும். இவை எல்லாமே தீப்பற்றக்கூடியவை என்பதால், மின் இணைப்பைத் துண்டித்து, சன்னலைத் திறந்துவைத்துத் துடைப்பதும், வாடை முழுதாக அடங்கும்வரை ரயிலை ஓட்டாமல் இருப்பதும் அவசியம்.

துடைத்த பின் மென்மையான பென்சில் கரியை, அதாவது கிராஃபைட்டை, தண்டவாளத்தின் மேல் மிக மெல்லிய கோடாக இழுப்பவர்களும் உண்டு. பலன் இருக்கிறது; ஆனால் கொஞ்சம் கூடினாலும் ஏற்றத்தில் என்ஜின் வழுக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன்: சக்கரங்களைத் துடைத்தீர்களா? இரண்டு வாரத்தில் அழுக்கு திரும்புகிறது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் அங்கேதான். பெட்டிகளைக் கவிழ்த்து ஒவ்வொரு சக்கரத்தையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் உலோகத்துக்கு மாற்றிவிடுங்கள். என் பெட்டிகளில் முதல்முறை இப்படித் துடைத்தபோது, தண்டவாளத்தில் வந்ததைவிட அதிகக் கறுப்பு குச்சிகளில் வந்தது.