இணையத்தில் படத்தை வாடகைக்கு எடுப்பது லாபமா, விலைக்கு வாங்குவது லாபமா? எவ்வளவு ஆகும்?

வாடகைதான். இரண்டையும் செய்து பார்த்துவிட்டே சொல்கிறேன். விலை கொடுத்து வாங்கிய ஐந்தாறு படங்களில் இரண்டாம் முறை ஓடியது ஒன்றே ஒன்று. அதுவும் மகளுக்காக வாங்கிய கார்ட்டூன் படம். அதை எத்தனை முறை பார்த்தோம் என்று கணக்கே இல்லை.

இந்தியாவில் யூடியூப், ஆப்பிள் டிவி, பிரைம் வீடியோ மூன்றிலும் படத்தைத் தனியாக வாடகைக்கு எடுக்கலாம். பழைய படம் பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். புதுசு என்றால் கூடும். 2020-ல் 'க/பெ ரணசிங்கம்' ஜீ பிளெக்ஸ் என்ற தளத்தில் வந்தபோது 199 ரூபாய். 2025-ல் ஆமிர் கான் தன் 'சிதாரே ஜமீன் பர்' படத்தை எந்த ஓடிடிக்கும் கொடுக்காமல் யூடியூபில் 100 ரூபாய்க்கு விட்டார். வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பார்த்தால் தலைக்கு 25 ரூபாய். தியேட்டரில் பார்க்கிங்குக்கே அது போய்விடும்.

பிரைமில் வாடகைக்கு எடுக்கச் சந்தா தேவையில்லை. ஆனால் சந்தா இருக்கிறது என்பதற்காக வாடகைப் படம் இலவசமாகவும் வராது. இதில் ஏமாந்து போய் என்னிடம் புலம்பியவர்கள் உண்டு. அதனால் பணம் கட்டும் முன், நீங்கள் ஏற்கெனவே சந்தா கட்டும் எதிலாவது அந்தப் படம் இருக்கிறதா என்று ஒரு முறை தேடிவிடுங்கள். தியேட்டரை விட்டு வந்தவுடன் வாடகைக்கு விடும் படம், சில வாரங்களில் சந்தாவிலேயே வந்துவிடுவதும் உண்டு. பொறுக்க முடிந்தால் பொறுக்கலாம்.

அப்புறம் அந்த 48 மணி நேரக் கணக்கு. பணம் கட்டியதிலிருந்து 30 நாளுக்குள் படத்தைத் தொடங்கலாம், தொடங்கிவிட்டால் பொதுவாக 48 மணி நேரத்தில் பார்த்து முடிக்க வேண்டும். எனக்கு இது தெரியும். தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு பார்க்க எடுத்த படத்தை, 'டிவியில் சத்தம் சரியாக வருகிறதா பார்ப்போம்' என்று வியாழன் இரவே இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டேன். சனி இரவோடு கெடு முடிந்தது. ஞாயிறு மதியம் சோறு சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வந்து உட்கார்ந்தபோது திரும்பவும் பணம் கேட்டது. "வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தப்பகூட இப்படி நிமிஷக் கணக்கு பார்க்கலையேடா" என்றார் அப்பா. சத்தத்தைச் சோதிக்க டிரெய்லரை ஓட்டியிருக்கலாம், அப்போது தோன்றவில்லை.

இன்னொன்று, எச்டி தரத்துக்குப் பல சமயம் கூடுதல் விலை உண்டு. போனில் பார்க்க அது தேவையில்லை. லேப்டாப்பில் பார்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்: எச்டிக்குப் பணம் கட்டியிருந்தாலும் சில உலாவிகளில் குறைந்த தரத்தில்தான் ஓடும். டப்பிங் படம் என்றால் தமிழ் ஒலி இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள், போஸ்டர் தமிழில் இருப்பதை நம்ப வேண்டாம்.

சரி, வாங்குவது பற்றி. 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தினாலும் நமக்குக் கிடைப்பது பார்க்கும் உரிமம்தான். படத்தை விற்க அந்தக் கடைக்கு இருக்கும் உரிமை காலாவதியானாலோ, கடையையே மூடினாலோ படம் கைவிட்டுப் போகலாம். அமெரிக்காவில், வாங்கிய படங்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் அல்ட்ராவயலட் என்ற சேவை 2019-ல் மூடப்பட்டது. வேறு கடைகளோடு தங்கள் கணக்கை முன்கூட்டியே இணைத்து வைத்தவர்களுக்கு அதிகச் சிக்கல் இல்லை, மற்றவர்கள் பாடு திண்டாட்டம். இது வெறும் உரிமம்தான் என்று வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2025 முதல் சட்டமே வந்துவிட்டது. வாடகையைவிட மூன்று, நான்கு மடங்கு கொடுத்து உரிமம் வாங்க எனக்கு மனசு வருவதில்லை.

குழந்தைகள் படம் மட்டும் விதிவிலக்கு, அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆப்பிளில் வாங்கிய படத்தைப் பெரும்பாலும் குடும்பக் கணக்கில் இருப்பவர்களும் பார்க்கலாம், வாடகைப் படத்துக்கு அந்த வசதி இல்லை. என் மகள் சலித்துப்போய் விட்ட அந்தக் கார்ட்டூனை இப்போது தம்பி வீட்டில் அவன் பையன் தினமும் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறான்.