"அதை விடுங்கள்" என்று எழுதிவிட்டீர்கள்

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 54. கணவர் ஓய்வு பெற்றதும் 38 அடி பாய்மரப் படகு ஒன்று வாங்கினார். ஒன்றரை வருடமாக அதில்தான் குடித்தனம். இப்போது பசிபிக் கடல் நடுவே, பிரெஞ்சு பொலினீசியாவில், ஃபகராவா என்ற பவளத் தீவில் நங்கூரம் போட்டிருக்கிறோம். போட்டோ பார்ப்பவர்கள் 'கொடுத்து வைத்தவள்' என்கிறார்கள்.

இங்கே அவர் வைத்ததுதான் சட்டம். பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் கழுவி, கடைசியாக ஒரே குவளை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அரைக் குவளை கூடினால் முகம் மாறிவிடும். வெங்காயத்துக்குக்கூட பெரிய தீவான தஹிதியிலிருந்து சரக்குக் கப்பல் வரும் நாளைப் பார்த்திருக்க வேண்டும். நங்கூரம் போடும்போது பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, முன்னால் சங்கிலியோடு நிற்கும் என்னைப் பார்த்துக் கத்துவார். சுற்றி நிற்கிற படகுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருமுறை சுக்கானை என்னிடம் கொடுத்தார். பத்து நிமிடத்தில் நாலு தடவை திருத்தினார். 'நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்று வந்துவிட்டேன். பிறகு இரண்டு தரம் கூப்பிட்டார், போகவில்லை.

போன மாதம் சங்கிலி பவளப் பாறையில் சுற்றிக்கொண்டது. எடுத்துவிட அவர் குதித்தார். மேலே வர நேரமாகிவிட்டது. ரேடியோவைக் கையில் எடுத்தேன், எதை அழுத்துவது என்று தெரியவில்லை. அப்புறம் வந்துவிட்டார், அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது அந்தக் கத்தலைத்தான். 30 வருடம் கூட வாழ்ந்தவளை நாலு பேர் முன்னால் இப்படிக் கத்தலாமா?

- பெயர் வேண்டாம்


அன்புச் சகோதரி,

நீங்கள் விடச் சொன்ன இடத்தை என்னால் விட முடியவில்லை. ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்களே, உங்கள் கடிதமே அங்கேதான் இருக்கிறது.

நாலு பேர் முன்னால் கத்துவது தப்புதான். இன்ஜின் சத்தத்திலும் காற்றிலும் குரல் உயரத்தான் செய்யும், ஆனால் அதற்குக் கைச்சாடை இருக்கிறது. படகில் வாழும் எத்தனையோ தம்பதிகள் அப்படித்தான் நங்கூரம் போடுகிறார்கள். இதை அவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கத்தல் இல்லை என்று நினைக்கிறேன். அவர் தண்ணீருக்கு அடியில் இருந்த அந்த நிமிடங்களில், 60 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு காயலில், ஓட்டத் தெரியாத வீட்டில் தனியாக நின்றீர்கள். அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லாமல், குவளைக் கணக்காகவும் வெங்காயமாகவும் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அவருக்குப் பொறுமையாகச் சொல்லித்தரத் தெரியவில்லை. ஆனால் சுக்கானை வேண்டாம் என்றது நீங்கள்தான். கூப்பிட்டபோது போகாததும் நீங்கள்தான். ஊரில், வாசலில் ஆட்டோ கிடைக்கும் இடத்தில், அந்த ரோஷம் செல்லும். அங்கே செல்லாது. அவர் பக்கமும் கொஞ்சம் யோசியுங்கள். தான் விழுந்தால் தூக்க ஆள் இல்லை என்று தெரிந்துதான் அவரும் தினம் அந்தப் படகில் படுக்கிறார். கத்துகிற மனிதருக்குள்ளும் அதே பயம் இருக்கலாம்.

முதலில் ரேடியோ. ஆபத்தில் உதவி கேட்கும் 16ஆம் சேனல் எது, ஆபத்துக்கான சிவப்புப் பொத்தான் இருந்தால் அதை எத்தனை விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், படகு நிற்கும் இடத்தை எப்படிப் படித்துச் சொல்வது என்று இன்றைக்கே கேளுங்கள். கேட்கும்போது, 'அன்றைக்கு நீங்கள் மேலே வரவில்லை, நான் பயந்துபோனேன்' என்பதையும் சொல்லிவிடுங்கள். அதை அவரிடம் இதுவரை சொல்லியிருக்க மாட்டீர்கள். இனி அவர் குதிக்கும்போது எத்தனை நிமிடம் ஆகும் என்று சொல்லிவிட்டுக் குதிக்கட்டும்.

அடுத்த இடத்தில் நங்கூரம் போடும்போது சுக்கானில் நீங்கள் நில்லுங்கள். முன்னால் சங்கிலிக்கு அவர் போகட்டும்.