நாக்கை நீட்டுங்கள்: வாய், பல் பற்றிய கேள்வி பதில்

இந்தக் கிழமை வந்த கேள்விகளில் ஐந்தை எடுத்திருக்கிறேன். வாய்க்குள் கண்டதையெல்லாம் பெரிய வருத்தம் என்று பயந்தவர்கள் மூன்று பேர். பயப்படவேண்டிய இரண்டு பேர் மட்டும் நிம்மதியாக எழுதியிருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை: அப்பாவுக்கு 61 வயது, வெற்றிலை இல்லாமல் இருக்கமாட்டார். சில மாதமாக உறைப்பு பட்டாலே வாய் எரிகிறதாம். இடியப்பத்தையும் சின்னச் சின்னதாகப் பிய்த்துத்தான் சாப்பிடுகிறார். வயசு போனதாலா?

இல்லை, தங்கச்சி. அப்பாவின் நடு மூன்று விரல்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, முன்பற்களுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் நுழையவேண்டும். இரண்டோடு நின்றால் வாய் இறுகத் தொடங்கிவிட்டது என்று சந்தேகப்படலாம். பிறகு யன்னல் வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள். நல்ல கன்னம் சிவந்து, இழுத்தால் றப்பர் போல் வரும். இறுகிய கன்னம் வெளிறிப் போயிருக்கும். தடவினால் உள்ளே கயிறு போலத் தட்டுப்படும்.

இதைச் செய்வது பாக்கு. 'நான் புகையிலை போடுறதில்லை டொக்டர், வெறும் பாக்குத்தான்' என்று பெருமையாகச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் பாக்கைத் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. இறுகிய கன்னம் பழையபடி இளகுவது கடினம். அதற்காக 'இனி விட்டு என்ன' என்று இருந்துவிடக்கூடாது. இந்த நிலை சிலரில் புற்றுநோயாக மாறும், அதனால் பாக்கை இன்றே நிறுத்தி, ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

வெற்றிலையை எந்தக் கன்னத்தில் அடக்குகிறார் என்றும் கேளுங்கள். நான் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு அங்கே இருந்தால் காட்டவேண்டும். சிவப்புத் திட்டு அதைவிட மோசம்.

தெஹிவளை: மேலண்ணத்தின் நடுவில் கல்லுப் போல ஒரு கட்டி. நாக்குப் பட்டபோதுதான் தெரிந்தது. இரண்டு நாளாக நித்திரை இல்லை.

நடுக்கோட்டில், கடினமாக, மேல்தோல் வழுவழுப்பாக இருந்தால் பெரும்பாலும் எலும்பின் மேடுதான். பல வருடமாக இருந்திருக்கும், நீங்கள்தான் இப்போது கண்டுபிடித்திருக்கிறீர்கள். அடுத்தமுறை பல் டொக்டரிடம் போகும்போது ஒருதரம் காட்டுங்கள். இன்றிரவு நித்திரை கொள்ளுங்கள்.

பம்பலப்பிட்டி: கன்னத்தின் உள்ளே மஞ்சள் புள்ளிகள்.

எண்ணெய்ச் சுரப்பிகள். எத்தனையோ பேருக்கு உண்டு. நோண்டவேண்டாம்.

வெள்ளவத்தை: மகனுக்கு ஆறு வயது. கீழ்ப் பாற்பல் விழாமலே பின்னால் புதுப்பல் முளைக்கிறது.

சுறாவின் வாய் மாதிரி இரண்டு வரிசை! முன்பற்களில் இது சாதாரணம். பாற்பல் ஆடினால் அவனே நாக்கால் தள்ளி விழுத்திவிடுவான். ஆடாமல் இறுகி நின்றால் மட்டும் எடுக்கவேண்டி வரலாம்.

தெமட்டகொட: உடைந்த கொடுப்புப் பல் உரசி, நாக்கின் ஓரத்தில் புண். ஒரு மாதம் ஆகிறது. வலி இல்லாததால் கடையில் வாங்கிய களிம்பு பூசுகிறேன்.

ஐயா, வலி இல்லை என்றுதான் எனக்குப் பயம். சாதாரண வாய்ப்புண் சாப்பிட விடாமல் வலிக்கும், இரண்டு கிழமைக்குள் ஆறியும் போகும். ஆறாத புண்ணை, அதுவும் நாக்கின் ஓரத்தில், களிம்பால் மூடி வைக்காதீர்கள். விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள்: விளிம்பு தடித்து, அடி கெட்டியாக இருந்தால் இன்னும் அவசரம். மென்மையாக இருந்தாலும் போகத்தான் வேண்டும். பல்லின் கூரான முனையை ராவி விட்டபின்னும் ஆறாவிட்டால் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். கொழும்பு வோட் பிளேஸில் இருக்கும் தேசிய பல் வைத்தியசாலைக்கு நாளைக் காலையே போங்கள். பிரஷர், சீனி வருத்தத்துக்கு ஏதும் குளிசை எடுத்தால் அந்தச் சீட்டையும் கொண்டு போங்கள்.