நடுநிலை நாடுகளும் ஒரு கடல் மைலுக்கு அரை டன் கரியும்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து 1904–05 ரஷ்ய–ஜப்பானியப் போரை மேசை விளையாட்டாக அமைத்துக்கொண்டிருக்கிறோம். ரஷ்யாவுக்கு ஒருவர், ஜப்பானுக்கு ஒருவர், பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி முதலான நடுநிலை நாடுகளுக்கு மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆளுக்கு வேலையே இல்லை. போரில் சேர்வதா வேண்டாமா என்று பகடை உருட்டிவிட்டு மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவருடைய முடிவுகள் ஆட்டத்தை மாற்ற வேண்டுமானால் என்ன விதிகள், என்ன எண்கள் வைக்கலாம்?

பதில்: அந்தப் பகடையை முதலில் தூக்கிப் போடுங்கள். 1902 ஜனவரி 30-ஆம் தேதி கையெழுத்தான ஆங்கில–ஜப்பானிய உடன்படிக்கைப்படி, ஜப்பான் ஒரே ஒரு எதிரியோடு மோதும்வரை பிரிட்டன் ஒதுங்கி நிற்கும். இன்னொரு வல்லரசு எதிரியோடு சேர்ந்தால் பிரிட்டனும் களத்தில் இறங்கியாக வேண்டும். ரஷ்யாவின் கூட்டாளி பிரான்ஸ். ஆனால் 1904 ஏப்ரலில்தான் அது பிரிட்டனோடு பழைய பூசல்களைத் தீர்த்துக்கொண்டிருந்தது. யாரும் போரில் சேரப்போவதில்லை. உங்கள் மூன்றாவது ஆளின் கையில் இருப்பவை கரி, துறைமுகம், கடன், செய்தி ஆகிய நான்கும்தான். அவையே ஏராளம்.

கரியிலிருந்து தொடங்குங்கள். ரஷ்யாவின் புதிய போரோடினோ வகைப் போர்க்கப்பல்கள் கரியறை நிறைய ஏற்றிக்கொண்டு 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் போனால் ஏறத்தாழ 2,600 கடல் மைல் தாங்கும். கரியறையின் கொள்ளளவைச் சுமார் 1,300 டன் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது: ஒரு கடல் மைலுக்கு அரை டன், நாளொன்றுக்கு 120 டன். இது சீரான பயண வேகத்துக்கான கணக்கு. சண்டை வேகத்தில் பல மடங்கு எரியும். நங்கூரமிட்டு நின்றாலும் மின்சாரத்துக்கும் குடிநீர் காய்ச்சுவதற்கும் எரியும்.

இப்போது வரைபடத்தை எடுங்கள். ரஷ்ய அட்மிரல் ரொஷெஸ்த்வென்ஸ்கியின் கப்பற்படை 1904 அக்டோபர் 15 அன்று பால்டிக் கடலின் லிபாவ் துறையிலிருந்து கிளம்பியது. பசிபிக் கரையிலுள்ள ரஷ்யத் துறைமுகமான விளாடிவஸ்தோக் வரை ஏறத்தாழ 18,000 கடல் மைல், வழியில் ரஷ்யாவுக்குச் சொந்தமாக ஒரு கரித்துறைகூடக் கிடையாது. கொழும்பு, சிங்கப்பூர் உட்பட நல்ல கரித்துறைகள் எல்லாம் பிரிட்டனிடம். போர்முனைக்குப் போகும் படைக்குக் கரி இல்லை என்று அது மறுத்துவிட்டது. படை போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஜெர்மனியின் ஹம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தின் கரிக்கப்பல்களும், அவற்றிலிருந்து கரி மாற்றிக்கொள்ள பிரான்ஸ் கண்டும் காணாமல் விட்ட குடாக்களும்தான்.

அன்று பிரான்சின் வசமிருந்த மடகாஸ்கரின் நோசி பேயிலிருந்து, அதன் வசமே இருந்த இந்தோசீனாவின் (இன்றைய வியட்நாம்) காம்ரான் குடா வரை சுமார் 4,500 கடல் மைல், அதாவது கப்பலுக்கு 2,250 டன். கரியறை கொள்வதைவிட ஏறக்குறைய ஆயிரம் டன் அதிகம். காம்ரானிலிருந்து, கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலுள்ள சுஷிமா நீரிணை வழியாக விளாடிவஸ்தோக்குக்கு ஏறத்தாழ 2,500 கடல் மைல், அதாவது 1,250 டன். கிட்டத்தட்ட ஒரு கரியறை நிறைய. காம்ரான் திறந்திருந்தால் கடைசிக் கட்டத்துக்கான கரியை அமைதியான நீரில் ஏற்றலாம்; மூடியிருந்தால் அலையில் ஆடும் கரிக்கப்பலிலிருந்து படகு படகாக மாற்ற வேண்டும். காற்று கிளம்பினால் அதுவும் நின்றுவிடும். இந்த ஒரு குடாவைத் திறப்பதா மூடுவதா என்பதை மூன்றாவது ஆளிடம் கொடுங்கள், அவருக்கு வேலை வந்துவிடும்.

அளவுக்கு மீறி ஏற்ற ரஷ்ய ஆட்டக்காரரை அனுமதியுங்கள், ஆனால் விலையையும் வையுங்கள். உண்மையில் 2,000 டன்னுக்கு மேல் ஏற்றி, மேல்தளத்திலும் மாலுமிகள் தங்கும் இடங்களிலும் கரி மூட்டைகளை அடுக்கினார்கள். கப்பல் தாழ்ந்தது, பக்கவாட்டுக் கவசப் பட்டையின் பெரும்பகுதி நீருக்குள் போனது. குண்டு தாங்க வேண்டிய இடம் கடலுக்கடியில், கவசமில்லாத இடம் குண்டுக்கு எதிரில். விளையாட்டில் 1,300 டன்னுக்கு மேல் ஒவ்வொரு 300 டன்னுக்கும் கவச மதிப்பில் ஒரு புள்ளி குறைத்தால் பொருந்தும்.

எல்லோரும் தவறவிடும் விதி, இடம் கொடுக்கும் நடுநிலை நாடும் கெடுக்கும் என்பது. நோசி பேயில் படை ஜனவரி தொடக்கத்திலிருந்து மார்ச் 16 வரை கிடந்தது. ஜப்பானியர் முற்றுகையிட்டிருந்த ரஷ்யக் கடற்படைத் தளம் போர்ட் ஆர்தர் 1905 ஜனவரி 2 அன்றே விழுந்துவிட்டதால் ஜப்பானிய அட்மிரல் தோகோவின் கப்பல்கள் இந்த இடைவெளியில் தாய்நாட்டுத் துறைகளுக்குப் போய்ப் பழுதுபார்த்துக்கொண்டன. ரஷ்யக் கப்பல்களின் அடிப்பகுதியிலோ வெப்பக் கடலின் பாசியும் சிப்பியும் படிந்தன. சுரண்ட உலர்துறை இல்லை. பிரான்ஸ் முதல் வாரத்திலேயே விரட்டியிருந்தால் ஒன்று படை விரைந்து போயிருக்கும், அல்லது திரும்பியிருக்கும். இரண்டும் நடந்ததைவிட ரஷ்யாவுக்கு மேல். முழுதாக உதவவும் இல்லாமல் முழுதாக மறுக்கவும் இல்லாமல் இழுத்த பிரான்சுதான் அந்தப் படையை, அது அழிந்த சுஷிமாவில் கொண்டுபோய் நிறுத்தியது என்பது எங்கள் கணிப்பு. எனவே துறைமுகத்தில் கழியும் ஒவ்வொரு மூன்று வாரத்துக்கும் ரஷ்யாவுக்கு அரை நாட் வேகம் குறையட்டும், ஜப்பானுக்கு ஒரு கப்பல் பழுது நீங்கட்டும்.

பிரான்சுக்கு ஒரு 'பொறுமை' அளவும் வேண்டும். ஜப்பானின் ஒவ்வொரு கண்டனக் கடிதத்துக்கும் அது ஒரு புள்ளி குறையும். பூஜ்யமானால் படையை வெளியேற்ற வேண்டும். ஏப்ரல் 22 வாக்கில் அப்படித்தான் காம்ரானை விட்டுப் போகச் சொன்னார்கள். படை கொஞ்சம் வடக்கே வான் ஃபோங் குடாவுக்கு நகர்ந்து அங்கே காத்திருந்தது. ஆகவே 'வெளியேற்றம்' என்றால் பக்கத்துக் குடாவுக்குப் போவது என்றே விதி எழுதுங்கள். அதுதான் வரலாறு.

நாட்டுக்கு நாடு வலிமை மதிப்பும் வேறாக இருக்கட்டும். போர்ச்சுகீசிய அங்கோலாவில் லிம்போப்போ என்ற சிறு பீரங்கிப் படகு வந்து போகச் சொன்னபோது ரஷ்யர்கள் கரி ஏற்றி முடித்த பிறகே கிளம்பினார்கள். சீனாவின் செஃபூ துறைக்குள் தஞ்சம் புகுந்த ரெஷிதெல்னி என்ற டெஸ்ட்ராயரை 1904 ஆகஸ்டில் ஜப்பானியர் உள்ளே புகுந்தே பிடித்துக்கொண்டு போனார்கள். ஜெர்மனியின் சிங்தாவில் நின்ற செசரெவிச் போர்க்கப்பல் மீது கை வைக்க அவர்களுக்குத் துணிவில்லை. ஜெர்மானியர்களே அதன் ஆயுதங்களை முடக்கி, போர் முடியும்வரை நிறுத்திவைத்தார்கள். இந்தச் சிறைவைப்பும் மூன்றாவது ஆளின் முடிவுதான்; குண்டு வீசாமலே ஒரு போர்க்கப்பலை ஆட்டத்திலிருந்து நீக்கலாம்.

ஒரு பொதுவான பிழை: நடுநிலைத் துறையில் 24 மணி நேரம்தான், ஒரே சமயத்தில் மூன்று கப்பல்தான், மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கரி என்ற விதிகளை அப்படியே போட்டுவிடுவார்கள். அது 1907 ஹேக் உடன்படிக்கை. இந்தப் போரின்போது பிரிட்டன் 24 மணி நேர விதியைக் கடைப்பிடித்தது, பிரெஞ்சு விதியில் அந்தக் கெடு இல்லை. நாடு வாரியாகத் தனி அட்டை தேவை.

செய்திக்கு ஒரே ஒரு விதி போதும். மே 25 அன்று ரஷ்யப் படை கரிக்கப்பல்கள் உள்ளிட்ட தன் துணைக் கப்பல்களைப் பிரித்து ஷாங்காய் அருகேயுள்ள ஊசுங்குக்கு அனுப்பியது. அந்தத் தகவல் தோகோவை எட்டியதும், படை ஜப்பானைச் சுற்றிக்கொண்டு போகாமல் சுஷிமா வழியாகவே வருகிறது என்பது உறுதியாயிற்று. நீண்ட வழியில் போவதானால் கரிக்கப்பல்களைக் கைவிட மாட்டார்களே! நடுநிலைத் துறையில் எந்தக் கப்பல் நுழைந்தாலும் இரண்டு நாளில் எதிரிக்குத் தெரியும் என்று வையுங்கள்.

போருக்கு முந்தைய சுற்று ஒன்றும் சேர்க்கலாம். அர்ஜென்டினாவுக்காக ஜெனோவாவில் கட்டிய இரண்டு கவசக் குரூசர்களை ஜப்பான் வாங்கி நிஷின், கசுகா என்று பெயரிட்டது. சிலிக்காகக் கட்டிய இரண்டு போர்க்கப்பல்களை, ரஷ்யா வாங்கிவிடுமோ என்று பிரிட்டனே வாங்கிக்கொண்டது. 1904 மே 15 அன்று ஒரே நாளில் கண்ணிவெடிகளில் இரண்டு போர்க்கப்பல்களை இழந்த ஜப்பானிடம் மிஞ்சியவை நான்கு. அந்த இடத்தை நிரப்பியவை இந்தக் குரூசர்கள்தான். இவற்றை ரஷ்யாவுக்கு விற்கும் வாய்ப்பைத் திறந்துவிட்டு ஆடிப் பாருங்கள். ரஷ்யாவின் கருங்கடல் படைக்குத் துருக்கி நீரிணைகளைத் திறக்கும் அட்டை மட்டும் வேண்டாம். துருக்கி இசைந்தாலும் பிரிட்டன் விடாது, ஆட்டம் கெட்டுவிடும்.

கடனுக்கு, ஜப்பான் லண்டனிலும் நியூயார்க்கிலும், ரஷ்யா பாரிஸிலும் கேட்கட்டும். தரைப்போரில் தோற்ற சுற்றில் கதவு மூடும். மஞ்சூரியாவின் முக்டனில் நடந்த தரைப்போரில் தோற்ற பிறகு 1905 மார்ச்சில் பாரிஸ் வங்கிகள் ரஷ்யாவுக்குக் கை விரித்தது போல. இரண்டு சுற்றுக்குக் கடன் கிடைக்காதவர் சமாதானப் பேச்சுக்கு இறங்க வேண்டும் என்று எழுதிவிட்டால் ஆட்டம் எப்போது முடியும் என்ற சிக்கலும் தீரும்.