வாசகர் கேள்வி பதில்: யார் இந்த வால்தர்?

கேள்வி: நாகர்கோவில் கன்கார்டியா இறையியல் கல்லூரியில் படித்த எங்கள் போதகர் பிரசங்கத்தில் அடிக்கடி வால்தர் பெயரைச் சொல்கிறார். யார் அவர், இங்கே வந்திருக்கிறாரா? (வாசகி, ஆம்பூர்)

பதில்: வந்ததில்லை. கார்ல் ஃபெர்டினாண்ட் வில்ஹெல்ம் வால்தர் 1811ல் ஜெர்மனியின் சாக்சனியில் ஒரு போதகர் வீட்டில் பிறந்தவர். அமெரிக்காவில் குடியேறி, 1847ல் மிசௌரி சினோடு என்ற லுத்தரன் சபைகளின் கூட்டமைப்பு உருவானபோது அதன் முதல் தலைவரானார், 1887ல் காலமானார். அந்தச் சினோடு 1890களில் அனுப்பிய மிஷனரிகள் நேத்தரும் மோனும் கிருஷ்ணகிரி, ஆம்பூர் பக்கம் தொடங்கிய ஊழியம்தான் பிற்பாடு நாகர்கோவில் வரை போனது. செயின்ட் லூயிஸில் வால்தர் பாடம் நடத்திய கல்லூரியும் கன்கார்டியாதான்.

கேள்வி: சொந்த ஊரில் போதகராக இருந்தவர் எதற்குக் கப்பல் ஏறினார்?

பதில்: அன்றைய சாக்சனித் திருச்சபையில், வேதத்தையும் மனித அறிவால் அளக்கும் பகுத்தறிவுவாதம் ஓங்கியிருந்தது, மார்ட்டின் லுத்தர் வழிவந்த பழைய போதனையை விடாதவர்களுக்கு மூச்சு முட்டியது. மார்ட்டின் ஸ்டெஃபான் என்ற போதகரை நம்பி வால்தரும் சேர்த்து ஏறக்குறைய 700 பேர் 1838 கடைசியில் ஐந்து கப்பல்களில் கிளம்பினார்கள். அமாலியா என்ற கப்பல் கரை சேரவே இல்லை. மற்றவர்கள் மிசௌரி போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே, தாங்களே பேராயராக ஏற்றுக்கொண்ட அந்த ஸ்டெஃபான் மேல் பெண்கள் விஷயத்திலும் பொதுப்பணத்திலும் புகார் கிளம்ப, 1839 மே மாதம் அவரைப் படகில் ஏற்றி மிசிசிப்பிக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டார்கள்.

சரி, ஆள் போய்விட்டார், அப்புறம்? பேராயர் இல்லாத நாம் சபைதானா, நம் போதகர்கள் கொடுக்கும் நற்கருணை செல்லுமா, பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று ஜனங்கள் தவித்துப்போனார்கள். வால்தருக்கும் அதே கலக்கம்தான். நோயில் விழுந்து கிடந்த நாட்களில் லுத்தரின் எழுத்துகளைத் தேடித் தேடிப் படித்தார். 1841 ஏப்ரலில் மிசௌரியின் ஆல்டன்பர்க் கிராமத்தில், நாம் சபையே அல்ல என்ற பக்கம் நின்ற வழக்கறிஞர் மார்பாக்கோடு நடந்த வாதத்தில், குடியேறிய ஜனங்களிடம் எத்தனை பிழை இருந்தாலும் வசனமும் விசுவாசிகளும் இருக்கிற இடத்தில் சபையும் இருக்கிறது, போதகரை அழைக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு என்று நிலைநாட்டினார். அப்போது வயது 29. அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன். ஒரு தலைவர் விழுந்த கையோடு தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம், அதைச் செய்யாமல் அதிகாரத்தைச் சபையார் கையில் கொடுத்தார்.

கேள்வி: அவரிடம் குறையே இல்லையா?

பதில்: உண்டு. அடிமை முறை அதனளவில் பாவம் இல்லை என்று அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் எழுதினார். சாதாரண சபையாருக்காக அப்படி வாதாடியவர் இதில் இப்படி நின்றது எனக்கு ஆறவே இல்லை.

கேள்வி: அவர் எழுதியதில் எதை முதலில் படிக்கலாம்?

பதில்: நியாயப்பிரமாணமும் சுவிசேஷமும் (கடவுளின் கட்டளையும் மன்னிப்பின் நற்செய்தியும்) பற்றி 1884, 85ல் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் மாணவர்களிடம் பேசியவை. சுருக்கெழுத்தில் எடுத்த குறிப்புகளைக் கொண்டு அவர் இறந்தபின் புத்தகமாக்கினார்கள். ஏற்கெனவே உடைந்து வந்து நிற்கிறவனை மேலும் பயமுறுத்தாதே, பாவத்தில் சொகுசாக இருக்கிறவனுக்கு ஆறுதல் சொல்லாதே என்று எதிர்காலப் போதகர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் பகுதிகளைக் கட்டாயம் படியுங்கள். ஆங்கிலத்தில் கிடைக்கிறது; உங்கள் போதகரிடமே ஒரு பிரதி இருக்கும், கேட்டுப் பாருங்கள்.