பாலக்காட்டிலிருந்து ஸ்ரீநகர் வரை காரில்: கேள்வியும் பதிலும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சில, பள்ளி விடுமுறையில் சொந்தக் காரிலேயே ஸ்ரீநகர் போய்வரத் திட்டமிடுகின்றன. வடக்கே பல ஆண்டுகள் தேங்காய் லோடு ஏற்றிப் போனவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள். எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பள்ளி ஆசிரியர்): ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்? 800 போகலாம் என்கிறார் மைத்துனர். வண்டியில் நாங்கள் நான்கு பேர். ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பதில்: சார், கணக்கைத் தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். இரவு ஏழு மணி நேரம் தூங்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் அறைக்குப் போய்விட வேண்டும். இந்த இரண்டையும் வைத்துவிட்டால் மீதமுள்ள பகலில் ஒருவர் நிதானமாக ஓட்டக்கூடியது 400 முதல் 500 கிலோமீட்டர். நான்கு வழிச்சாலையில் 800 ஓட முடியாததல்ல. ஆனால் அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் ஓட வேண்டுமே.

என் யோசனை இது. முதல் நாள் வாளையாறு, கோவை, சேலம் வழியாகப் பெங்களூரைத் தாண்டிச் சிக்கபள்ளாப்பூர். சேலம் வரை 544ஆம் எண் நெடுஞ்சாலை. அங்கிருந்து கன்னியாகுமரி–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையான 44. இரண்டாம் நாள் அனந்தப்பூர், கர்னூல் வழியாக ஹைதராபாத். மூன்றாம் நாள் நாக்பூர். நான்காம் நாள் சாகர், ஐந்தாம் நாள் ஆக்ரா, ஆறாம் நாள் அம்பாலா, ஏழாம் நாள் ஜம்மு, எட்டாம் நாள் ஸ்ரீநகர். நடுவில் ஒரு நாள் வண்டியைத் தொடாமல் ஓய்வெடுங்கள். நாக்பூர் அதற்கு ஏற்ற இடம்.

இருட்டில் மட்டும் ஓட்டாதீர்கள். விளக்கே இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியும், எதிர்த்திசையில் வரும் டிராக்டரும் கிட்டே போகும்வரை தெரியாது. இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும்; தேநீரும் பாட்டும் அதைச் சில நிமிடங்கள்தான் தள்ளிப்போடும். என்னோடு லாரி ஓட்டிய நல்ல ஓட்டுநர்கள் அந்த நேரத்தில்தான் விபத்தில் இறந்து போனார்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி (அதே ஆசிரியர்): ஏப்ரலா, மேயா?

பதில்: ஏப்ரல் முதல் வாரமே கிளம்பிவிடுங்கள். மே மாதத்தில் நாக்பூர் பக்கம் 45 டிகிரியைத் தொடும். பிள்ளைகளும் தாங்க மாட்டார்கள், டயரும் தாங்காது. ஏப்ரலில் ஸ்ரீநகரின் துலிப் தோட்டமும் பூத்திருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறை வேண்டவே வேண்டாம். ஆக்ராவிலிருந்து அம்பாலா வரை காலைப் பனிமூட்டத்தில் முன்னே போகும் வண்டியே தெரியாது.

கேள்வி (வேலந்தாவளம், 26 வயது): அண்ணா, என் காரின் டயர்களில் பட்டன் (சாலையில் படும் மேல்பரப்பின் வெட்டுகள்) நன்றாக இருக்கிறது. மாற்ற வேண்டுமா? வெயிலுக்குக் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாமா?

பதில்: தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். காற்றைக் குறைக்காதே. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிகிறது. அந்த மடிப்பில்தான் சூடு ஏறுகிறது, அந்தச் சூட்டில்தான் டயர் வெடிக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். முழுப் பாரத்துக்கு என்று அதில் போட்டிருக்கும் அளவையே வை. காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது. ஸ்டெப்னியையும் பார்.

இனி வயது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3419 என்றால் 2019ஆம் ஆண்டின் 34ஆவது வாரம் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். ஐந்து வயதைத் தாண்டிய டயரோடு இந்தப் பயணத்துக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன். டயர் மாற்றும் செலவு பெரிதாகத் தெரிந்தால், ஹோட்டல் அறையைக் கொஞ்சம் சிறியதாக எடுத்துக்கொள்.

நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

கேள்வி (கோவிந்தாபுரம், கடைக்காரர்): சுங்கச்சாவடிச் செலவைக் குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்த உபயோகக் கார்களுக்கு ஆண்டு பாஸ் வந்திருக்கிறது. அறிமுகமானபோது அதன் விலை 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 முறை சுங்கச்சாவடியைக் கடப்பது, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். போய்வர அது தாராளமாகப் போதும். ஆனால் தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச்சாலைகளிலும் மட்டும்தான் செல்லும். ஹைதராபாத்தைச் சுற்றிப் போகும் வெளிவட்டச் சாலை மாநிலத்துடையது. அங்கே ஃபாஸ்டேக்கில் பணம் பிடிப்பார்கள், ஆகையால் இருப்பும் வையுங்கள். அந்தச் சுங்கத்தைத் தயங்காமல் கொடுங்கள். ஷம்ஷாபாத்தில் ஏறி மேட்சலில் இறங்கினால் நகர நெரிசல் முழுவதையும் தவிர்த்துவிடலாம்.

டெல்லிக்கும் இப்படியே. பல்வலில் கிழக்குப் புறவட்ட விரைவுச்சாலையைப் பிடித்தால், 135 கிலோமீட்டரில் குண்ட்லியில் மீண்டும் 44க்கே வந்துவிடுவீர்கள். பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு டெல்லி நகருக்குள் கட்டுப்பாடுகள் உண்டு; அவை அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (எருத்தேம்பதி): கண்ணாடியில் கூலிங் ஃபிலிம் ஒட்டியிருக்கிறேன். பரவாயில்லையா?

பதில்: அளவோடு ஒட்டலாம் என்று 2024இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. மற்ற மாநிலப் போலீஸார் 2012ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தடையைக் காட்டி அபராதம் போடுகிறார்கள். கழற்றிவிடுங்கள்.

கேள்வி (மீனாட்சிபுரம், குடும்பத்தலைவி): அண்ணா, மாமியாருக்கு 72 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். அவரை அழைத்துப் போகலாமா? சோறு இல்லாமல் அவருக்கு ஆகாது.

பதில்: மருத்துவர் சம்மதித்தால் தாராளமாக அழைத்துப் போங்கள், அம்மா. முன் இருக்கை அவருக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடக்கட்டும். கால் வீக்கம் குறையும். பெரிய பெட்ரோல் பங்க்குகளில் கழிவறை இருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள். இன்சுலினைக் குளிர்ப்பையில் வையுங்கள், பனிக்கட்டி அதன்மேல் நேரே படக் கூடாது. நிறுத்திய காரில் ஒருபோதும் விட்டுச் செல்லாதீர்கள். மூடிய காரின் சூட்டில் மருந்து வீணாகிவிடும்.

நாக்பூரைத் தாண்டினால் ரொட்டியும் பருப்பும்தான் முதலில் கிடைக்கும். தாபாக்களில் தயிர் நன்றாகவே இருக்கும். சிறிய மின்சார குக்கரும் நம் மட்டை அரிசி கொஞ்சமும் எடுத்துப் போனால், இரவு அறையில் கஞ்சி வைத்துவிடலாம். விடுதிக்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கேஸ் சிலிண்டரைக் காரில் ஏற்றாதீர்கள்.

இரண்டாம் நாள் அவருக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆந்திர எல்லை கடந்ததும் கொடிகொண்டா அருகே திரும்பினால் லேபாட்சி. விஜயநகரக் காலத்து வீரபத்திரர் கோயில், கூரை முழுக்க ஓவியம். இவ்வளவு தூரம் வருபவர்கள் அதைப் பார்க்காமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

கேள்வி (கோபாலபுரம்): ஜம்முவுக்கு மேல் மலைப்பாதை பயமாக இருக்கிறதே?

பதில்: பாதை முன்பு போல் இல்லை. 2017இல் திறந்த செனானி–நஷ்ரி சுரங்கம் சுமார் ஒன்பது கிலோமீட்டர். பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் எட்டரை. அபாயம் நடுவில் ராம்பன் பக்கம்தான். மழை பெய்தால் மண் சரியும், பாதையை மூடிவிடுவார்கள். அதற்காகவே திட்டத்தில் இரண்டு நாளைக் கூடுதலாக வையுங்கள். முந்தின நாள் மாலையே போக்குவரத்துப் போலீஸின் அறிவிப்பைப் பாருங்கள். விடியலில் ஜம்முவை விட்டுக் கிளம்புங்கள். மழை என்றால் ஜம்முவிலேயே தங்குங்கள். விடுதிப் பணம் போனால் போகட்டும்.

ஏற்றத்தில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ, இறக்கத்தில் அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். திரும்பி வரும்போது தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாயிலும் இதையேதான் செய்ய வேண்டும். வீடு நெருங்கிவிட்டது என்ற அவசரத்தில் வருபவர்களுக்கு அந்த இறக்கம் பொல்லாதது.

இன்னொன்று: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. வண்டியில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு எண் இருக்கட்டும். மாற்றிக்கொள்வதானால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள்.