கட்டியை இப்போதே எடுத்துவிடக் கூடாதா, டாக்டர்?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. குளிப்பாட்டும்போது வயிற்றின் இடப்பக்கம் கெட்டியாக ஏதோ என் மனைவியின் கையில் தட்டுப்பட்டது. ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் எடுத்துப் பார்த்து நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். எலும்பு மஜ்ஜையிலும் பரவியிருக்கிறதாம். முதலில் கீமோ, நாலைந்து சுற்று முடிந்த பிறகுதான் ஆபரேஷன் என்கிறார்கள். அதுவரை கட்டியை உள்ளேயே விட்டுவைக்கலாமா? வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் உடனே எடுத்துவிடச் சொல்கிறார்கள் உறவினர்கள். என் அம்மாவோ, கத்தி பட்டால் பரவிவிடும், ஆபரேஷனே வேண்டாம் என்கிறார்.

பதில்: உங்கள் மருத்துவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இதைக் காத்திருப்பு என்று நினைக்காதீர்கள். இந்த நாலைந்து சுற்று கீமோ, ஆபரேஷனில் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

காரணம், இந்தக் கட்டி வளரும் விதம். சிம்பதெடிக் நரம்புகளாக (இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றைத் தானாக இயக்கும் நரம்புகள்) உருவாக வேண்டிய செல்களிலிருந்து இது கிளம்புகிறது. பாதிக் குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில். மற்றவர்களுக்கு முதுகெலும்பின் இருபக்கமும் கழுத்திலிருந்து இடுப்புவரை எங்கு வேண்டுமானாலும். பல கட்டிகள் ரத்தக் குழாயை ஒதுக்கித் தள்ளும். இது குழாயைச் சுற்றிப் படர்ந்து விழுங்கிக்கொள்ளும். டாக்டரிடம் கேட்டு ஸ்கேன் படத்தை ஒருமுறை பாருங்கள். சாம்பல் நிறக் கட்டிக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் ஓடினால், அவை ஈரலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் கொண்டுபோகும் தமனிகளாக இருக்கும். எதை அறுக்கிறோம் என்று தெரியாமல் அங்கே கை வைக்க முடியாது.

இப்படி ஸ்கேனிலேயே தெரியும் ஆபத்து அடையாளங்கள் ஏறத்தாழ 20-ஐப் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து 2009-ல் பட்டியலிட்டார்கள். ஒன்றுகூட இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் நிற்கும் கட்டி எல்-1. அதை முதலிலேயே எடுத்துவிடலாம். பல குழந்தைகளுக்கு அதோடு சிகிச்சையே முடிந்துவிடும். ஓர் அடையாளம் இருந்தாலும் எல்-2. தூரத்துக்குப் பரவியிருந்தால் எம். உங்கள் மகள் இந்த மூன்றாவது வகை. மஜ்ஜையில் இருப்பதைக் கத்தி எட்டாது, மருந்துதான் எட்டும். இப்போது பெரிய ஆபரேஷன் செய்தால் காயம் ஆறும்வரை கீமோ தள்ளிப்போகும். அந்த இடைவெளியில் நோய் சும்மா இருக்காது.

கீமோவுக்கு முன் இந்தக் கட்டி தொட்டாலே ரத்தம் கசியும், கனிந்த பழம்போல உடையும். நாலைந்து சுற்றுக்குப் பிறகு சுருங்கி, நார்போட்டு, இடையிடையே சுண்ணாம்பு படிந்திருக்கும். கத்தரி வைத்தால் கரகரவென்று இருக்கும். கெட்டியாகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். ரத்தம் குறைவாகப் போகும், குழாயை அடையாளம் கண்டு பிரிப்பதும் எளிது.

ஆபரேஷன் ஆறேழு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் நீளும். ஒரு தமனியைப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் கவிந்திருக்கும் கட்டியை நீளவாக்கில் பிளந்து, குழாயை உரித்தெடுத்தபடி அடுத்த கிளைக்குப் போவோம். கட்டி துண்டு துண்டாகத்தான் வெளியே வரும். வெளியே வந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "முழுசா எடுத்தாச்சா?" எங்கள் இலக்கு 90 சதவீதத்துக்கு மேல். அவ்வளவு எடுத்தால் அதே இடத்தில் திரும்ப வருவது குறைகிறது என்று அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆயுளை எவ்வளவு கூட்டுகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அதனால்தான் கடைசித் துணுக்குக்காக ஒரு சிறுநீரகத்தைப் பலி கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பின்னால் வரும் அதிக அளவு கீமோவைத் தாங்க அந்தச் சிறுநீரகம் வேண்டும். மிச்சத்தைக் கவனிக்க அந்தக் கீமோவும், முன்பே எடுத்துவைத்த அவளுடைய ஸ்டெம் செல்லையே (ரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்கள்) திருப்பி ஏற்றுவதும், கதிர்வீச்சும், உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிக்கு எதிராகத் திருப்பும் இம்யூனோதெரபியும் இருக்கின்றன. சர்ஜன் கொஞ்சம் விட்டுவிட்டு வந்தால் கைவிட்டுவிட்டார் என்று எண்ணாதீர்கள்.

அம்மாவின் பயம் புரிகிறது. கத்தி படும் முன்பே நோய் மஜ்ஜையில் இருந்தது என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். இன்னொரு கதையும் உங்கள் காதுக்கு வரும்: ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் இல்லாமலே கட்டி கரைந்துவிட்டதாம் என்று. பொய்யில்லை. கைக்குழந்தைகளில் சிலருக்கு இந்தக் கட்டி தானாகவே மறையும். ஜப்பானில் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து இந்தக் கட்டியைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தார்கள். தானே மறைந்திருக்கக்கூடிய கட்டிகளுக்கும் சிகிச்சை கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் 2000-களின் தொடக்கத்தில் அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். ஆனால் இரண்டரை வயதில், மஜ்ஜை வரை போன நோய்க்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மனசு ஆறவில்லையென்றால் ரிப்போர்ட்டுகளோடு அடையாறு புற்றுநோய் மையத்திலோ வேலூர் சி.எம்.சி.யிலோ இன்னொரு கருத்துக் கேளுங்கள். கீமோ தேதி மட்டும் தவற வேண்டாம். ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேன் வந்ததும் சர்ஜனிடம் கேளுங்கள்: எந்தெந்தக் குழாய் கட்டிக்குள் இருக்கிறது, இடது சிறுநீரகம் தப்புமா, இதே ஆபரேஷனை இங்கே எத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கிறீர்கள்? நல்ல சர்ஜன் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

முடிந்த பிறகு வயிற்றில் ஒரு வடிகுழாய் இருக்கும். அவள் பால் குடிக்கத் தொடங்கியதும் அதில் வடிகிற நீர் பால்போல வெளுத்தால் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். அது நிணநீர்க் கசிவு. கொழுப்பைக் குறைத்த உணவில் சில வாரம் வைத்தால் பெரும்பாலும் தானே நின்றுவிடும். குடல் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளை விலக்கியிருந்தால் வயிற்றுப்போக்கும் படுத்தலாம், சிலருக்கு மாதக்கணக்கிலும் நீளும். மற்ற வயிற்றுப்போக்குபோல எண்ணி நீங்களாக மருந்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.